பொறியினுள் ஒரு பொறி

எமது கல்லூரியின் பழைய மாணவர் பெயர்களைத் தாங்கிய கையெழுத்துப் பதிவேடுகளுட் பல 1995 ஆம் ஆண்டின் இடப்பெயர்வோடு அழிந்தொழிந்தன என்பதைச் சங்க அங்கத்தவர் அறிவர். எஞ்சிய ஏடுகளையும், அன்பர் பலர் தம் நினைவிலிருந்து எழுதியனுப்பிய கடிதங்களையும் ஆதாரமாகக் கொண்டு 2003 ஆம் ஆண்டிற் புதிய பதிவேடொன்று கணினியில் ஆக்கப்பட்டது. அதற்கெனத் தனிச் செய்நிரலொன்றை எழுதித் தந்தவர் எம் பழைய மாணவர் ஒருவர். அவர் இன்று எம்முடன் இல்லை. ஏடுகளும் கடிதங்களும் பின்னர் கறையானுக்கு இரையாயின. ஆகவே, மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்களும், அவரவர் கற்ற ஆண்டும், தந்தையார் பெயரும், ஊரும் சங்க அறையின் மூலையிலிருந்த ஒரேயொரு கணினியில் மாத்திரம் எஞ்சி நின்றன.

2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கணினி இடையிடையே தானாக அணையத் தொடங்கியது. திருத்துநர் மூடியைக் கழற்றிக் காட்டினார். தாய்ப்பலகையிலுள்ள கொள்ளளவிகள் சில தலை வீங்கிக் கசிந்திருந்தன. "இது இன்னும் எத்தனை நாளைக்கோ, ஐயா" என்றார். சங்கத்தின் புதுக் கணினியில் அச்செய்நிரலை இட்டுப் பார்த்தோம், ஓட மறுத்தது. அது விண்டோஸ் எக்ஸ்பி என்னும் பழைய பணிசெயல் முறைமையின்மீது ஓடுமாறு எழுதப்பட்டது. தரவுகளையும் தனக்கே உரியதொரு வடிவில், பிற செய்நிரல்கள் படிக்கவியலாதவாறு வைத்திருந்தது. பெயர்கள் அழியவில்லை, ஆயினும் வாசிக்க ஒருவரும் இலர் என்னும் நிலை எய்திற்று.

அவ்வமயம் கல்லூரிக் கணினிக் கூடத்தில் வளர்ந்தோர்க்கான மாலை வகுப்பொன்று செவ்வாயும் வெள்ளியும் ஐந்து மணி முதல் ஏழு மணி வரை நடைபெற்று வந்தது. கடிதம் எழுதுதல், கணக்கு அட்டவணை அமைத்தல் என்பன முடிந்தபின், மெய்நிகர் பொறிகளின் அடிப்படையைக் கற்பிக்கலாமென ஆசிரியர் கூறினார். எம் இடருக்கு மருந்து அதுவே என்பதும் அவர் கருத்து. இளைப்பாறிய தபாலதிபர், வங்கி முகாமையாளர், கமக்காரர், ஆசிரியர் எனப் பதினொருவர் சேர்ந்தோம். எமக்குக் கற்பித்தவர் எம் பேரன்மார் வயதினர், இக்கல்லூரியிலேயே பயின்றவர். வகுப்பில் யாம் அவரைச் 'சேர்' என்றே அழைத்தோம். அவர் எம்மை 'ஐயா' என்றார். இரு சாராருக்கும் இதிற் சங்கடம் இருக்கவில்லை.

முதல் நாள் ஆசிரியர் பலகையில் மூன்று தட்டுகளை வரைந்தார். அடித்தட்டு வன்பொருள், அதாவது முறைவழியாக்கி, நினைவகம், வன்றட்டு முதலியன. நடுத்தட்டு பணிசெயல் முறைமை. மேற்றட்டு யாம் நாளாந்தம் பயன்படுத்தும் செய்நிரல்கள். மேற்றட்டிலுள்ளவை வன்பொருளை நேரே தீண்டுவதில்லை. எதனையும் நடுத்தட்டிடம் வேண்டியே பெறும். நடுத்தட்டே அரசன். இது வெறும் வழக்கமன்று. முறைவழியாக்கியே காக்கும் சட்டமாகும். அதன் அறிவுறுத்தல்களுட் சில அரசனுக்கு மாத்திரம் உரியவை. குடிகளுள் ஒருவர் அவற்றைக் கூற முற்படின், முறைவழியாக்கி அக்கணமே வேலையை நிறுத்தி அரசனிடம் முறையிடும். ஒரு சிம்மாசனத்தில் இருவர் வீற்றிருத்தல் இயலாது. ஆதலின் சாதாரணமாக ஒரு கணினியில் ஒரு வேளையில் ஒரு பணிசெயல் முறைமையே ஆளும். எமது பதிவேடோ பழைய அரசனின் ஆட்சியில் மாத்திரம் வாழவல்ல குடி. புதுக் கணினியில் வேறோர் அரசன் வீற்றிருந்தான். இருவரையும் ஒருங்கே வைப்பது எவ்வாறு?

இதனை எமக்கு விளக்க ஆசிரியர் பட்ட பாடு சிறிதன்று. ஈற்றில் வழி காட்டியவர் எம்முடன் கற்ற கமக்காரர். அவர் இளமையில் நாட்டுக்கூத்து ஆடியவர். "சேர், இது கூத்தில வாற ராசா மாதிரி எல்லோ" என்றார். அவ்வுவமை மிகப் பொருந்திற்று. கூத்தில் அரசன் வேடந் தரித்தவன் தானே நடக்கிறான், தானே பாடுகிறான், தானே ஆடுகிறான். அவன் காலடி ஒவ்வொன்றையும் அண்ணாவியார் எடுத்து வைப்பதில்லை. ஆயினும் அவன் "இவன் தலையைக் கொய்க" என ஆணையிடும் தருணத்தில் அண்ணாவியார் தலையிட்டாக வேண்டும். தலை கொய்யப்படலாகாது, கொய்யப்பட்டதாகவே அரசன் கண்டு அடுத்த பாட்டைப் பாடவும் வேண்டும். மெய்நிகர் பொறியின் உள்ளமைப்பு இதுவே. உள்ளே இருத்தப்பட்ட பணிசெயல் முறைமை தானே அரசனென நம்பி ஓடுகிறது. கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல் முதலிய சாதாரண அறிவுறுத்தல்களை மெய்யான முறைவழியாக்கியே நேரே நிறைவேற்றுகிறது. அரசனுக்குரிய அறிவுறுத்தல் ஒன்று வருங்கால் மாத்திரம் வேலை நிறுத்தப்பட்டு, மேலிருக்கும் வேறொரு செய்நிரலிடம் பொறுப்புச் செல்கிறது. அச்செய்நிரல் கேட்ட காரியத்தை ஒரு போலிச் சாதனத்தின்மேல் நடத்தி முடித்து, மீண்டும் ஆட்டத்தை அரசனிடம் ஒப்படைக்கிறது. அதன் பெயர் ஹைப்பர்வைசர். பணிசெயல் முறைமையின் உட்கருவுக்கு முற்காலத்திற் சூப்பர்வைசர், அதாவது மேற்பார்வையாளர் என்று பெயர். மேற்பார்வையாளருக்கும் மேற்பட்டது என்பது இச்சொல்லின் பொருள்.

மெய்நிகர் என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. எம்முள் ஒருவர் இவையெல்லாம் மாயை, பொய்த் தோற்றம் என்றார். சைவ சித்தாந்தம் கற்ற மற்றொருவர் உடனே மறுத்து, எம் சமயத்தில் மாயை பொய்யன்று, உலகுக்கு முதற்காரணமான உள்பொருள் என்றார். அன்றைய வகுப்பில் அரை மணி நேரம் இவ்வாறு கழிந்தது. பயனற்றுக் கழிந்ததென யாம் கருதவில்லை. மெய்நிகர் பொறியில் நிகழும் கணிப்பு பொய்யன்று. இரண்டும் இரண்டும் அங்கும் நான்கே. அக்கணிப்பைச் செய்வது மெய்யான முறைவழியாக்கி. அது இருக்கும் இடம் மெய்யான நினைவகம். தனக்கு மாத்திரம் உரிய முழுப் பொறியொன்று உண்டு என்னும் எண்ணம் மட்டுமே புனையப்பட்டது.

இக்கருத்து அண்மையில் தோன்றியதென யாம் எண்ணியிருந்தோம், அது தவறு. அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வு நிலையம் ஒன்று இருந்தது. அங்கு றொபேட் கிறீசி முதலியோர் ஆக்கிய சீ.பி. 40 என்னும் முறைமை 1967 ஆம் ஆண்டிலேயே ஒரு கணினியைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பகுத்து ஓட்டிற்று. அக்காலத்துக் கணினி ஓர் அறையை நிறைக்கும்; விலையோ பெரு நிறுவனங்களே தாங்கக்கூடியது. ஆகவே, ஒவ்வொருவர்க்கும் ஒரு முழுக் கணினி கிடைத்ததுபோலத் தோன்றச் செய்து, உண்மையில் ஒன்றையே பலர் பகிர்ந்தனர். 1972 இல் வீ.எம். 370 என்னும் பெயரோடு அது வாடிக்கையாளர்க்கென அறிவிக்கப்பட்டது. அதன் வழித்தோன்றல் இன்றும் ஐ.பி.எம். பெருங்கணினிகளில் ஓடுகிறது.

ஒரு பொறி இவ்வாறு பகுக்கப்படத் தகுதி உடையதா என்பதை அறியும் இலக்கணத்தை ஜெரால்ட் பொப்பெக், றொபேட் கோல்ட்பேர்க் என்னும் இருவர் 1974 இல் வகுத்தனர். வன்பொருளின் நிலையைத் தொடும் அல்லது வெளிப்படுத்தும் அறிவுறுத்தல் ஒவ்வொன்றும், அரசனல்லாதான் வாயிலிருந்து வந்தால் தவறாது முறையீட்டை எழுப்புதல் வேண்டும் என்பது அதன் சாரம். கூத்து மொழியிற் சொல்வதாயின், ஆபத்தான ஆணை எதுவும் அண்ணாவியார் காதில் விழாமற் போகலாகாது.

பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய சிறு கணினிகளின் முறைவழியாக்கிகள் இவ்விலக்கணத்தை மீறின. இன்டெல் நிறுவனத்தின் பென்ரியத்தை ஆராய்ந்த ஜோன் ரொபின், சிந்தியா ஏர்வின் ஆகியோர், அதன் ஏறத்தாழ 250 அறிவுறுத்தல்களுள் 17 இவ்வகைக் குற்றமுடையன என 2000 ஆம் ஆண்டிற் காட்டினர். அவற்றுள் ஒன்றை ஆசிரியர் விளக்கினார். வெளியிலிருந்து வரும் குறுக்கீடுகளை அடைத்துவிடு என்னும் பொருள்பட அரசன் அதனைக் கூறலாம். அரசனல்லாதான் கூறினால் முறையீடும் எழாது, காரியமும் நடவாது. முறைவழியாக்கி மௌனமாக அப்பாற் செல்லும். அடைத்தாயிற்று என்றெண்ணி வேடதாரி மேலே ஆடுவான்; கூத்துக் குழம்பும். கலிபோர்னியாவில் 1998 இல் நிறுவப்பட்ட வீஎம்வெயார் நிறுவனத்தார் இதற்கொரு தந்திரங் கண்டு, 1999 இல் தம் மென்பொருளை வெளியிட்டனர். அண்ணாவியார் கூத்துக் கொப்பியை முன்கூட்டியே வாசித்து, ஆபத்தான வரிகளை மாத்திரம் மாற்றி எழுதி வேடதாரியிடம் கொடுப்பதுபோல, உள்ளிருக்கும் அரசனின் அறிவுறுத்தல்களை ஓடுமுன் வாசித்து மாற்றியமைத்தனர். முறைவழியாக்கி செய்வோரும் பின்னர் தம் குறையை உணர்ந்தனர். இன்டெல் 2005 இலும், ஏ.எம்.டி. 2006 இலும் வேடதாரிக்கென்றே ஒரு தனி மேடையை முறைவழியாக்கியினுள் அமைத்தன. இன்று பெரும்பாலான கணினிகளில் அது உண்டு.

உண்டு என்பது ஒன்று, திறந்திருக்கிறது என்பது வேறொன்று. கூடத்துக் கணினிகளில் யாம் முதன்முதல் மெய்நிகர் பொறியை இயக்க முற்பட்டபோது அவற்றுட் பாதி மறுத்துவிட்டன. மென்பொருளைக் குறை கூறினோம். அழித்து மீண்டும் இட்டோம். இரு மாலைகள் வீணாயின. கணினி உயிர்பெறும் வேளையில் தோன்றும் தொடக்க அமைப்புப் பட்டியலில் அவ்வசதி அணைத்து வைக்கப்பட்டிருந்தமையே காரணம். எம்மைப்போல் முயல்வோர் முதலில் அங்கே பார்ப்பாராக.

நினைவகத்தைப் பற்றிய பாடமே எமக்கு மிகக் கடினமாயிருந்தது. ஒவ்வொரு பணிசெயல் முறைமையும் நினைவகம் தன்னிடம் பூச்சியம் என்னும் இலக்கத்திலிருந்து தொடங்குவதாக நம்புகிறது. மூன்று மெய்நிகர் பொறிகள் ஓடினால் மூன்றும் அவ்வாறே நம்பும். மெய்யான பூச்சியமோ ஒன்று. காணி உறுதிகளோடு பழகிய எமக்கு இதனைத் தோம்பைக் கொண்டு விளக்கலாம். உள்ளிருக்கும் அரசன் தன் குடிகளுக்குக் காணி பங்கிட்டு, இன்னார்க்கு இன்ன துண்டு என ஒரு தோம்பு வைத்திருக்கிறான். அவன் குறிக்கும் துண்டு இலக்கங்கள் மெய்யானவை அல்ல. அவற்றை மெய்யான நிலத்தோடு பொருத்தும் மேலான தோம்பு ஒன்று ஹைப்பர்வைசரிடம் இருக்கிறது. ஆகவே ஒரு சொல்லைத் தேடி எடுப்பதற்கு இரு தோம்புகளைப் புரட்டல் வேண்டும். ஒற்றைத் தோம்பு முறையை மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்து அற்லஸ் கணினி 1962 இலேயே கையாண்டது. இரட்டைத் தோம்பை முறைவழியாக்கியே விரைவாகப் புரட்டும் வசதி 2007 க்குப் பின்னரே பரவிற்று. முறைவழியாக்கியின் நேரமோ பங்குக் கிணற்றின் முறை போன்றது. அவரவர் முறை வரும்போது துலா முழுவதும் அவர்க்கே உரியது. முறை முடிந்ததும் கயிற்றை விட்டாக வேண்டும்.

ஆயினும் தோம்பில் எழுதினால் நிலம் பெருகிவிடாது. இதனை வங்கி முகாமையாளர் தம் செலவிற் கற்றார். 4 கிகாபைற்று நினைவகமுள்ள கணினியில், தம் மெய்நிகர் பொறி விரைந்தோடட்டும் என்று 3 கிகாபைற்றை அதற்கு வழங்கினார். வெளியேயிருந்த முறைமை மூச்சுத் திணறியது, சுட்டி அசையவில்லை, உள்ளிருந்ததும் உடன் நின்றது. கடனுக்கு எல்லை வகுத்தே வாழ்நாளைக் கழித்தவர் இவ்வாறு செய்தாரே என யாம் நகைத்தோம், அவரும் நகைத்தார்.

இனி, எம் பதிவேட்டை மீட்ட பகுதிக்கு வருவோம். மெய்நிகர் பொறியின் வன்றட்டு என்பது வெளியேயுள்ள கணினியில் ஒரு கோப்பு மாத்திரமே. உள்ளிருக்கும் முறைமை அதனை முழுத் தட்டாகக் காண்கிறது. இதிலிருந்து அரிய விளைவு ஒன்று பிறக்கிறது. கோப்பைப் பிரதி செய்தால் முழுக் கணினியையும் பிரதி செய்ததாகும். மெய்யான தட்டிலுள்ள ஒவ்வொரு துணுக்கையும் வரிசை பிறழாது ஒரு கோப்பாக எடுத்தால், பழைய கணினியே அக்கோப்பினுட் குடிபுகும். இன்னொரு வசதியும் உண்டு. மெய்நிகர் பொறியின் ஒரு கணத்து நிலையைக் குறித்துவைத்து, பின்னர் பிழை நேர்ந்தால் அக்கணத்துக்கே மீளலாம். இதனை நொடிப்படம் என்றார் ஆசிரியர். நாலு பிழை விட்டாலும் நட்டமில்லை என்னும் துணிவை எம்போன்ற முதியோர்க்கு அளித்தது அதுவே.

அத்துணிவு ஓரிடத்தில் எம்மை ஏமாற்றியது. எம்முள் ஒருவர் தம் பயிற்சிகள் அனைத்தையும் நொடிப்படங்களாக வைத்து, இனிப் பயமில்லை என்றிருந்தார். அக்கணினியின் வன்றட்டே ஒரு நாட் பழுதுற்றது. நொடிப்படம் மூலக்கோப்பிலிருந்து ஏற்பட்ட மாற்றங்களை மாத்திரம் தாங்கி நிற்பது; மூலத்தோடு அதே தட்டிற் கிடப்பது. தட்டுப் போனபோது மூலமும் போயிற்று, நொடிப்படங்களும் போயின. நல்வேளையாக அவை பயிற்சிகள் மாத்திரமே. பதிவேட்டைத் தொடுமுன் இது நேர்ந்ததை எம் பாக்கியமெனக் கொள்கின்றோம்.

பழைய கணினியின் வன்றட்டைக் கழற்றி, இணைப்புக் கம்பியொன்றின் உதவியால் புதுக் கணினியோடு பொருத்தினோம். 40 கிகாபைற்றும் ஒரு கோப்பாயின. முதலில் அக்கோப்புக்கு வேறிரு தட்டுகளில் இரு பிரதிகள் எடுத்துப் பூட்டி வைத்தோம். பின்னர் இலவசமாகக் கிடைக்கும் வேர்ச்சுவல் பொக்ஸ் என்னும் மென்பொருளில் மெய்நிகர் பொறியொன்றை அமைத்து, கோப்பை அதற்கு வன்றட்டாகக் கொடுத்து இயக்கினோம். எக்ஸ்பியின் முகப்புச் சின்னம் தோன்றிற்று. மறுகணம் திரை நீலமாகி வெள்ளெழுத்துக்கள் நிறைந்தன. வகுப்பில் ஒருவரும் பேசவில்லை.

ஆசிரியர் அமைப்புகளை மீளப் பார்த்தார். யாம் கொடுத்த மெய்நிகர் பொறியிற் புதுவகைத் தட்டிணைப்பு இருந்தது; எக்ஸ்பி பழைய ஐ.டி.ஈ. இணைப்பையே அறியும். சிம்மாசனத்துக்கு வந்த அரசன் அரண்மனை வாயிலைக் காணாது திகைத்தான் என்க. இணைப்பின் வகையை மாற்றி மீண்டும் இயக்கினோம். பழைய திரை, 2003 இல் யாம் இட்ட கோயிற் கோபுரப் படத்தோடு எழுந்தது. செய்நிரலைத் திறந்தோம். முதலிற் கண்ட பெயர் எம்முடன் நாலாம் வகுப்பிற் கற்று, 1987 இல் மறைந்த நண்பர் ஒருவருடையது. தபாலதிபர் அவர் தந்தையார் பெயரையும் ஊரையும் உரக்க வாசித்தார்.

மீட்பு இதனோடு முடியவில்லை. அப்பதிவேடு பாமினி எழுத்துருவில் அமைந்தது. அதில் ஆங்கில எம் எழுத்தின் இடத்தில் அகரம் வரையப்பட்டிருக்கும். எச் எழுத்தின் இடத்தில் அரவு இருக்கும். ஆகவே அம்மா என்னும் சொல் கணினியின் அறிவில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பதேயாம். அவ்வெழுத்துருவின்றி வெளியே எடுத்தால் பெயர்கள் யாவும் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தோன்றும். மெய்நிகர் பொறி அவற்றை வாசிக்கத் தந்தது; யுனிகோட்டுக்கு மாற்றும் வேலை இன்னும் நடைபெறுகிறது. மற்றொன்று, எக்ஸ்பிக்கு அதனை ஆக்கிய மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரிலோடு நின்றுபோயின. ஆதலின் எம் மெய்நிகர் பொறிக்கு வலையமைப்பு இணைப்பை அறவே கொடுக்கவில்லை.

உள்ளிருப்பது உள்ளேயே அடங்கும் என்னும் நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. பல ஹைப்பர்வைசர்களிற் பயன்பட்ட போலி நெகிழ்தட்டுச் சாதனமொன்றின் செய்நிரலில், உள்ளிருப்போர் வெளியே பாய்வதற்கு ஏதுவான துளையொன்று 2015 இல் வெளிப்பட்டது. அது 2004 முதல் அங்கே இருந்ததாம். நெகிழ்தட்டைத் தொட்டுப் பார்த்தேயிராத இளைஞர்களின் பொறிகளிலும் அத்துளை இருந்தமை வேடிக்கைதான். உலகின் பெரும் கணினிக் கூடங்கள் ஒரு பொறியைப் பல வாடிக்கையாளர்க்குப் பகிர்ந்தளிப்பதும் இம்முறையாலேயே. அமேசன் நிறுவனம் 2006 இல் தொடங்கிய வாடகைக் கணினிச் சேவை இத்தகையது. ஆதலின், அடைப்பின் உறுதி எமது பதிவேட்டளவில் நிற்கும் காரியமன்று.

இன்று எம் கோப்பின் பிரதிகளுள் ஒன்று சங்க அறையிலும், ஒன்று அதிபர் அலுவலகத்துப் பெட்டகத்திலும், ஒன்று இலண்டனிலுள்ள அங்கத்தவர் ஒருவரிடமும் இருக்கின்றன. பெயர்களை மாற்றி ஒப்புநோக்கும் பணியிற் செவ்வாய், வெள்ளி மாலைகளில் ஐவர் அமர்ந்துள்ளோம். 1958 முதல் 1961 வரை கற்றோரின் பக்கங்களிற் பல வெற்றிடங்கள் காணப்படுகின்றன. 2003 இலேயே அவ்வாண்டுகளின் ஏடுகள் கிடைக்கவில்லை. அக்காலத்து மாணவர்கள் தம் பெயர், தந்தையார் பெயர், சேர்ந்த ஆண்டு, வகுப்பாசிரியர் பெயர் என்பவற்றையும், தம்மோடு ஒரே வாங்கில் இருந்தவர்களின் பெயர்களையும் சங்கச் செயலாளருக்கு எழுதியனுப்புமாறு வேண்டுகின்றோம். கையெழுத்திலேயே அனுப்பலாம்.